ஒரே ஒரு செல் போதும், தெரியுமா?

ரத்தப் புற்றுநோய் செல் ஒன்றே ஒன்றை எடுத்து எலியின் உடலில் ஊசியால் ஏற்றினால் என்ன ஆகும் தெரியுமா? சில வாரங்களில் அந்த எலி இறந்துவிடும்! ஆயிரம் வேண்டாம், நூறு வேண்டாம், ஒன்றே போதும். அமெரிக்காவின் அலபாமாவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற விஞ்ஞானி காட்டிய உண்மை இது. அவர் ஆராய்ந்த எலி நோயில் செல்கள் அரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைதான்! 15 நாளில் நூறு கோடியைத் தாண்டிவிடும்.

1964இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்னும் வியப்பானது. மருந்து இத்தனை செல் என்று எண்ணிக் கொல்வதில்லை. இத்தனை சதவீதம் என்று கொல்கிறது! மனிதருக்கும் இதே கணக்குதான். ரத்தப் புற்றுநோய் தெரியவரும்போது ஒரு குழந்தையின் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். எடை போட்டால் ஒரு கிலோ. ஒரு தவணை மருந்து 99.9 சதவீதத்தை அழித்தாலும் மிச்சம் நூறு கோடி! நுண்ணோக்கியில் பார்த்தால் நோயே இல்லாததுபோல் தோன்றும். அடுத்த தவணையில் மிச்சம் பத்து லட்சம், அதற்கடுத்து ஆயிரம். அதுவும் இடைவெளியில் அவை பெருகாமல் இருந்தால்தான்!

சரி, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதாதா? போதாது! அந்த மருந்துக்கு மசியாத செல் பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். லட்சம் கோடியில் அப்படிப்பட்டவை பத்து லட்சம். அத்தனையும் மருந்து ஏறும் முன்பே உள்ளே இருப்பவை! வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தைச் சேர்த்தால், இரண்டுக்கும் தப்புவது ஒன்றே ஒன்று. மூன்றாவதையும் சேர்த்தால், பத்து லட்சம் நோயாளிகளில் தேடினாலும் ஒரு செல்தான் அகப்படும்! கூட்டு மருந்தின் பலம் கூட்டலில் இல்லை, பெருக்கலில் இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் எமில் ஃப்ரெய், எமில் ஃப்ரெய்ரைக் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தில் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் தாங்குவார்களா என்று சக மருத்துவர்களே எதிர்த்தார்கள். அந்த நான்கில் ஒன்றான வின்கிரிஸ்டின் எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து! இன்னொன்று மெத்தோட்ரெக்ஸேட். அதை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

அப்படியும் பலருக்கு நோய் திரும்பியது. மருந்து எளிதில் எட்டாத மூளைப் பகுதியில் செல்கள் பதுங்கியிருந்தன. கணக்கில் வராத ஒளிவிடம்! அங்கேயும் சிகிச்சையைக் கொண்டுபோனார் மெம்பிஸ் நகரின் டொனால்ட் பிங்கெல். 1960களின் இறுதியில் அவரிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் குணமானார்கள். இன்று வசதியான நாடுகளில் அது சுமார் 90 சதவீதம்!

குழந்தையின் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்த பிறகும் இரண்டு, மூன்று ஆண்டுகள் மருத்துவர் மாத்திரை எழுதுவது இந்தக் கணக்கால்தான். பிள்ளை ஓடி விளையாடுகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள், பெற்றோர்களே! கண்ணுக்குத் தெரியாத கடைசிச் செல்லுக்காகத்தான் அந்த மாத்திரை.