கொல்லன் படித்த கோடுகள்!

சேலத்து எஃகின் ரகசியம் அமெரிக்காவில் வெளியான கதை

உலை அணைந்தது. துருத்தி ஓய்ந்தது. சூடு ஆறும் வரை பொறுத்திருந்த கொல்லன், ஒரு மண் மூசையை எடுத்துச் சுத்தியலால் தட்டினான். மூசை உடைந்தது. உள்ளே உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டி ஒன்று இருந்தது.

அவன் கண் போனது கட்டியின் தலைப் பக்கம். நடுவிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா? குழியும் முண்டும் இல்லாமல் இருக்கிறதா? அப்படியானால் எஃகு தேறிவிட்டது. இல்லாவிட்டால் அன்றைய பாடெல்லாம் வீண்!

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் சேலம் ஜில்லாவில் நடந்துவந்த தொழில் இது. இன்றைய தர்மபுரி மாவட்டம் அன்று அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. 1965-ல்தான் தனியாகப் பிரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், இந்தத் தொழிலை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

ஆவாரங் குச்சியும் எருக்கிலையும்

தாதுவை உருக்கி எடுத்த இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல் வரை ஒரு மூசையில் போடுவார்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங் குச்சி. அதன் மேல் ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள்.

சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி உஷ்ணம் வேண்டும். நாட்டு உலை அதற்கு எங்கே போகும்? ஆவாரங் குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்போடு கலக்கிறது. கரி சேர்ந்த இரும்பு குறைந்த சூட்டிலேயே இளகும். வேலியில் கிடந்த செடிதான் அந்த வித்தையைச் செய்தது!

இந்த எஃகுக்கு ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்து ‘உக்கு’ என்ற சொல்லே இப்படித் திரிந்தது என்பது பலர் கருத்து. தென்னாட்டுக் கட்டிகள் கப்பலேறின. பாரசீகத்தில் வாளாயின. ‘டமாஸ்கஸ் வாள்’ என்று உலகம் புகழ்ந்தது. அந்த வாளின் மேனியில் தண்ணீர் அலை போன்ற கோலம் ஓடும்.

விஞ்ஞானியும் ஏமாந்தார்

அந்தக் கோலம் எப்படி வந்தது? மின்சார விஞ்ஞானி மைக்கேல் பாரடே, லண்டனில் 1819-ல் வூட்ஸ் எஃகைச் சோதித்துப் பார்த்தார். அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். அலுமினியம் கலந்திருப்பதே காரணம் என்று அவர் நினைத்தார். அது தவறாகப் போயிற்று.

ஹீத்தின் கதையோ பரிதாபம். பரங்கிப்பேட்டையில் அவர் வைத்த இரும்பாலை நஷ்டப்பட்டது. எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் வழிக்கு 1839-ல் அவர் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் லாபம் அடைந்தார்கள். அவர் கோர்ட்டு வாசலில் அலைந்து நொந்துபோனார்.

உண்மை தெரியப் பின்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக் கழகம் இருக்கிறது. அங்கே உலோகவியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் வெர்ஹோவன். அவருக்குத் துணையாக இருந்தவர், குதிரை லாடமும் கத்தியும் அடித்துவந்த ஃபுளோரிடாக் கொல்லர் ஆல்பிரட் பென்ட்ரே. பேராசிரியரும் பட்டறைக்காரரும் ஒரே வேலையில் இறங்குவது நம் ஊரில் காணக் கிடைக்காத காட்சி!

இருவரும் கட்டி வார்த்தார்கள், அடித்தார்கள். சில வாளில் கோலம் வந்தது, சிலவற்றில் வரவில்லை. ஏன்? ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகர மியூசியம், தன்னிடமிருந்த பழைய வாள்களின் துண்டுகளைக் கொடுத்து உதவியது. அவற்றை அணு அணுவாகச் சோதித்தார்கள். துப்பு கிடைத்தது. வனேடியம்!

பனங்கற்கண்டுப் பானை

பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாகைப் பானையில் ஊற்றி, பல நாள் அசைக்காமல் வைக்கிறார்கள். கற்கண்டு பட்டை பட்டையாக வளருகிறது. சேராத அழுக்கு, மீந்த பாகிலேயே தங்கிவிடுகிறது.

உருகிய எஃகும் அப்படித்தான் உறைகிறது. ஒரே நேரத்தில் முழுவதும் கட்டியாவதில்லை. முதலில் நுண்ணிய படிகங்கள் முளைக்கின்றன. அவை மரம்போல் கிளை விட்டு, கிளைக்குக் கிளை விட்டு வளருகின்றன. மூசையின் தலையில் கொல்லன் கண்ட கோடுகள் இந்தப் படிகங்களின் சுவடுதான். அவை வளரும்போது வனேடியம் போன்ற கலப்புகள் கிளைகளின் இடுக்கில் ஒதுங்குகின்றன. சூடு மெல்ல ஆறினால் கிளையும் பெரிது, இடுக்கும் பெரிது.

பிறகு கட்டியைக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கிறார்கள். இடுக்குகள் தட்டையாகி வரிவரியாகப் படுகின்றன. ஒவ்வொரு காய்ச்சலுக்கும், எஃகிலுள்ள கரி இரும்போடு கூடிக் கெட்டித் துகள்களாகி, வனேடியம் இருக்கும் வரியைத் தேடிப் போய்ச் சேருகிறது. அமிலம் தடவினால் கறுப்பில் வெள்ளை வரி தெரிகிறது. அதுதான் கோலம்! வனேடியம் எவ்வளவு வேண்டும்? பத்தாயிரம் பங்கில் ஒரு பங்கு, இரண்டு பங்கு போதும்.

வெர்ஹோவன் குழுவினர் இந்த முடிவை 1998-ல் வெளியிட்டார்கள். தொழில் அழிந்ததற்கும் அவர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். தாது எடுக்கும் இடம் மாறியிருக்க வேண்டும். புதுத் தாதுவில் அந்தச் சிட்டிகைக் கலப்பு இருந்திராது. கொல்லன் கைப்பக்குவம் மாறவில்லை. ஆனாலும் கோலம் வரவில்லை! தகப்பன் சொன்னபடியே செய்த மகன், தன் கையைத்தானே நொந்துகொண்டிருப்பான்? போதாக்குறைக்குச் சீமை இரும்பும் மலிவு விலையில் வந்து இறங்கிற்று. உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன.

தீர்த்தமலை அடிவாரம்

தர்மபுரிதான் பழைய தகடூர்; அதியமான் ஆண்ட ஊர். அவன் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகத் தொண்டைமானிடம் ஔவை சொன்ன செய்தி புறநானூற்றில் உண்டு. பக்கத்துக் கிருஷ்ணகிரியும் 2004 வரை தர்மபுரி மாவட்டம்தான். அங்கே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது.

அரூர் பக்கத்துத் தீர்த்தமலையில் காந்த இரும்புத் தாது இருப்பதை, பூகர்ப்ப இலாகாவின் கிங், ஃபூட் என்ற இருவர் 1864-லேயே எழுதிவிட்டார்கள். மலைமேல் சிவன் கோயில். தீர்த்தமாட வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. காந்தத் தாது உள்ள மலையடிவார ஓடைகளில் மழை வடிந்ததும், வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்பு மணல் வரிவரியாகப் படிந்து கிடக்கும். பையன்கள் காந்தத் துண்டை நூலில் கட்டி அதில் இழுப்பார்கள். மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும்.