மயக்க மருந்து எங்கே போகிறது?

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவைக்குத் தேதி வாங்கிக்கொண்டு ஓர் அம்மா போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். கணவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. "ஐயா, மயக்கம் குடுக்கிற கேஸ் உடம்புலயே தங்கிடுமாமே, அதை முறிக்க ஏதாவது கஷாயம் உண்டா?" என்றார்.

கஷாயமெல்லாம் வேண்டாம்மா, தங்காது என்றேன். முன்பு பயன்பட்ட ஹாலோதேனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் கல்லீரல் சிதைக்க வேண்டியிருந்தது. இன்றைய செவோஃப்ளூரேனில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடச் சிதைவதில்லை. டெஸ்ஃப்ளூரேன் கிட்டத்தட்ட அப்படியே மூச்சில் திரும்பி வந்துவிடும். உடம்புக்கு இது நல்லதுதான். அப்படியானால் வெளியே வந்தது எங்கே போகிறது? கருவியிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே, நம் காற்றில்தான். குழாய் இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகளில் தியேட்டருக்குள்ளேயே பரவும்; நாள் முழுக்க அதைச் சுவாசிப்பவர்கள் அங்கே வேலை செய்யும் நர்சும் டாக்டரும்தான்!

இந்த வாயுக்கள் பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ டெஸ்ஃப்ளூரேன் சுமார் 2,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். செவோஃப்ளூரேனோ 200-க்குள்தான். போதாததற்கு, அதே மயக்கத்துக்கு டெஸ்ஃப்ளூரேன் மூன்று மடங்கு அளவு வேண்டும்.

நெய்வேலிக்காரருக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். 240 மில்லி டெஸ்ஃப்ளூரேன் புட்டி ஒன்று காலியானால், நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியை முக்கால் டன்னுக்கு மேல் எரித்ததற்குச் சமம்.

கணவர் சிரித்தார். "எங்க பாய்லர் ஒரு நாளைக்கு எரிக்கிறதுக்கு முன்னாடி இது எம்மாத்திரம் சார்?" வாஸ்தவம்தான். ஆனால் கரன்ட்டுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வருஷக்கணக்காகும். இதற்கு மாற்று தியேட்டர் அலமாரியிலேயே இருக்கிறதே! ஸ்காட்லாந்து அரசு ஆஸ்பத்திரிகள் 2023-லேயே டெஸ்ஃப்ளூரேனைக் கைவிட்டன. ஐரோப்பிய யூனியனில் 2026 ஜனவரி முதல், மருத்துவ ரீதியாக வேறு வழியில்லை என்றால் மட்டுமே அனுமதி. வாயு ஓட்டத்தை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குறைத்து, வெளிவிடும் மூச்சைச் சோடா சுண்ணாம்பில் சுத்தம் செய்து திரும்பக் கொடுத்தாலே மருந்து வெகுவாக மிச்சம், செலவும் குறையும்.

நைட்ரஸ் ஆக்சைடு இன்னொரு வில்லன். நூறு வருஷத்துக்கு மேல் காற்றில் நிற்கும், ஓசோன் படலத்தையும் அரிக்கும். இதில் பெரும்பகுதி நோயாளியிடம் போகாமல் சுவருக்குள் ஓடும் குழாய்களிலேயே கசிந்துவிடுவதாகவும் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "எனக்கு கேஸ் வேணாம்" என்று யாரும் அடம்பிடிக்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் பார்த்து மயக்க மருத்துவர் முடிவு செய்வார். அறுவைக்கு முன் அவர் வரும்போது, என்னைப் போன்றவர்களிடம் வாங்கிச் சாப்பிடும் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பூண்டு, இஞ்சி சேர்ந்த சில மருந்துகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். அந்த அம்மாவுக்கு நான் கொடுத்திருந்த சூரணத்தின் பெயரைச் சீட்டில் எழுதி, இதை அவரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.