விளையாட்டு நிரல்களில் சார்பு உட்செலுத்தலும் சிக்னல்களும்

கணிப்பொறியில் இயங்கும் விளையாட்டு இன்று பொழுதுபோக்குக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் உதவும் ஒரு சாதனமாக விளங்குகிறது. கணக்கு, சுகாதாரம், பயிர்ப் பாதுகாப்பு போன்றவற்றை விளக்கும் சிறு விளையாட்டுகளை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தாமே அமைத்துக்கொள்ள இயலும். ஆயினும் இப்பணியில் ஈடுபடுவோர் விரைவிலேயே ஓர் இடையூற்றைச் சந்திக்கின்றனர். ஒரு விளையாட்டில் செவ்வனே இயங்கிய பகுதியை எடுத்து மற்றொரு விளையாட்டில் அமைத்தால் அது இயங்காமல் நின்றுவிடுகிறது. பகுதிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட முறையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். இக்குறையைத் தவிர்க்கும் இரு முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

கோடோ என்னும் அமைப்பு

விளக்கத்திற்காகக் கோடோ என்னும் விளையாட்டு உருவாக்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இது அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவரால் தொடங்கப்பெற்றது. 2014ஆம் ஆண்டில் இதன் மூல நிரல் யாவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய வகையில் வெளியிடப்பட்டது. இதன் 4ஆம் பதிப்பு 2023 மார்ச்சில் வெளிவந்தது. இதனைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் ஏதும் செலுத்த வேண்டுவதில்லை. ஆதலால் பள்ளிகளுக்கு இது ஏற்றதாகும்.

கோடோவில் ஒவ்வொரு பொருளும் ஒரு கணுவாகும். படம் ஒரு கணு, ஒலி ஒரு கணு, பொத்தான் ஒரு கணு. இக்கணுக்கள் தாய், சேய் என்ற முறையில் ஒரு மரம்போல் அமைகின்றன. ஒன்றாகச் சேர்த்துச் சேமிக்கப்பட்ட கணுக்களின் தொகுதிக்குக் காட்சி என்று பெயர். ஒரு காட்சியை மற்றொரு காட்சிக்குள் வைத்துப் பயன்படுத்தலாம்.

குறை எங்கே தோன்றுகிறது?

மூன்றாம் வகுப்பு மாணவருக்கான ஒரு விளையாட்டைக் கருதுவோம். மரத்தில் எண் பொறித்த கனிகள் தொங்குகின்றன. இரட்டைப்படை எண் உடைய கனிகளை மட்டும் மாணவர் பறிக்க வேண்டும். சரியாகப் பறித்தால் மதிப்பெண் பலகையில் ஒன்று கூடும்.

புதிதாக நிரல் எழுதுவோர், கனியின் நிரலுக்குள்ளேயே, 'இங்கிருந்து இரண்டு படி மேலே சென்று, அங்கிருந்து பலகை என்னும் கணுவுக்கு இறங்கி, மதிப்பெண்ணைக் கூட்டு' என்று எழுதிவிடுவது வழக்கம். அன்றைக்கு அது இயங்கும். பின்னர்ப் பலகையை வேறிடத்திற்கு மாற்றினாலோ அதன் பெயரைத் திருத்தினாலோ கனி தேடும் இடத்தில் ஒன்றும் இராது. கனி பறிக்கப்பட்ட அக்கணமே பிழை தோன்றி விளையாட்டு நின்றுவிடும். பலகையே இல்லாத வேறொரு விளையாட்டில் அக்கனியைப் பயன்படுத்தவும் இயலாது. கனியின் வேலை பறிக்கப்படுவதே; பலகை இருக்கும் இடத்தை அது அறிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சார்பு உட்செலுத்தல்

ஒரு பகுதி தன் வேலையைச் செய்ய வேறு எதை நாடி நிற்கிறதோ அது அதன் சார்பு எனப்படும். அந்தச் சார்பைப் பகுதி தானே தேடிச் செல்லாமல், அதனை அமைப்பவர் வெளியிலிருந்து அதனிடம் கொடுத்துவிடுவதே சார்பு உட்செலுத்தல். ஆங்கிலத்தில் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்னும் இப்பெயர், மார்ட்டின் ஃபௌலர் 2004ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் பரவலாக வழங்கலாயிற்று.

மண் மாதிரி எடுக்கச் செல்லும் களப்பணியாளரிடம், 'மாவட்ட அலுவலகத்தில் மூன்றாம் அறையில் இரண்டாம் அலமாரியில் கருவி இருக்கும்' என்று சொல்லி அனுப்பினால், அலமாரி மாறிய அன்று பணி நின்றுவிடும். புறப்படும்போதே கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் அலமாரி எங்கிருந்தாலும் கவலையில்லை.

கோடோவில் இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, நிரலில் ஒரு மாறியை எக்ஸ்போர்ட் என்று குறித்தல். அம்மாறி பதிப்பிக் கருவியின் பண்புப் பட்டியலில் ஒரு வெற்றிடமாகத் தோன்றும். வேண்டிய பொருளை அங்கே இட்டு நிரப்பலாம். இரண்டாவது, தாய்க்கணுவின் நிரல் புதிய காட்சியை உருவாக்கி, அதன் மாறிக்கு மதிப்பளித்து, அதன் பின்னரே அதனை மரத்தில் சேர்த்தல்.

மேற்கூறிய விளையாட்டில் கனிகளைத் தோற்றுவிக்கும் கணுவுக்கு ஒரு வினாத் தொகுதி தேவை. அத்தொகுதியை வெளியிலிருந்து கொடுத்தால், மூன்றாம் வகுப்புக்கு இரட்டைப்படை எண்களையும் ஐந்தாம் வகுப்புக்கு ஏழின் மடங்குகளையும் வைத்துக்கொள்ளலாம். கணுவின் நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டுவதில்லை.

சிக்னல்கள்

உட்செலுத்தல் பகுதிக்குள் செல்லும் வழி. சிக்னல் பகுதியிலிருந்து வெளிவரும் வழி. பள்ளிக்கூடத்தில் பணியாள் மணி அடிக்கிறார். அவர் ஒவ்வொரு வகுப்பாகச் சென்று சொல்வதில்லை. மணியைக் கேட்டு ஆசிரியர் பாடத்தை முடிக்கிறார். சமையற்கூடத்தில் உணவு பரிமாற ஆயத்தம் நடைபெறுகிறது. நாளை புதிதாக ஒரு வகுப்பு தொடங்கினாலும் மணி அடிக்கும் முறை மாறுவதில்லை.

அதுபோலவே, கனி 'பறிக்கப்பட்டேன்' என்னும் சிக்னலைத் தன் எண்ணுடன் சேர்த்து வெளியிடுகிறது. தாய்க்கணு அந்தச் சிக்னலை மதிப்பெண் பலகையுடனும் ஒலிக்கணுவுடனும் இணைத்துவிடுகிறது. கேட்பவர் எவரும் இல்லாவிடினும் கனிக்குக் குறையொன்றும் நேராது. பொத்தான் அழுத்தப்பட்டது, கடிகாரத்தின் நேரம் முடிந்தது, ஓர் எல்லைக்குள் ஒரு பொருள் நுழைந்தது ஆகியவற்றிற்குரிய சிக்னல்கள் கோடோவில் முன்னரே அமைந்துள்ளன. சிக்னல் நடந்து முடிந்த ஒன்றை அறிவிப்பதாகலின், அதன் பெயரை இறந்தகாலத்தில் அமைப்பது மரபு. 'மதிப்பெண்ணைக் கூட்டு' என்று பெயரிட்டால் அது கட்டளையாகிவிடும்.

எதை எங்கே கையாள்வது?

கீழே உள்ளதை அழைக்கவும், மேலே உள்ளதற்கு அறிவிக்கவும் என்பது இதற்கான எளிய விதி. தாய்க்கணு தன் சேய்களை அறியும். எனவே அவற்றை நேரே அழைக்கலாம். சேய் தன் தாயை அறிய வேண்டுவதில்லை; அது சிக்னல் மட்டும் வெளியிடும். இரு சேய்கள் தொடர்புகொள்ள வேண்டுமாயின், அவற்றிற்குப் பொதுவான தாயே இணைப்பை ஏற்படுத்தித் தரவேண்டும்.

விடை பெற வேண்டிய இடத்தில் சிக்னல் பயன்படாது. அது சொல்லும், கேட்காது. 'அடுத்த எண் என்ன?' என்று கேட்க வேண்டுமாயின், உட்செலுத்தப்பட்ட வினாத் தொகுதியை நேரே அழைப்பதே முறை.

கவனிக்க வேண்டியவை

1. கோடோவில் 'ரெடி' என்னும் தொடக்கப் பணி சேய்க்கணுக்களில் முதலிலும் தாய்க்கணுவில் பின்னருமாக நிகழ்கிறது. ஆகவே, தாய் தன் ரெடியில் கொடுக்கும் பொருள் சேயின் ரெடி நடக்கும்போது கைக்கு வந்திராது. அவ்வாறே, சேய் தன் ரெடியில் வெளியிடும் சிக்னல், தாய் தன் ரெடியில் செய்யும் இணைப்புக்கு முந்திவிடும். அதனைக் கேட்பார் இரார்.

2. சிக்னல் வெளியிடப்பட்டவுடன், இணைக்கப்பட்ட பணிகள் அக்கணமே ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. அவை முடிந்த பின்னரே வெளியிட்ட கணுவின் அடுத்த வரி இயங்கும். பின்னர் நிகழ வேண்டுமாயின், இணைக்கும்போதே அவ்வாறு குறிப்பிட வேண்டும்.

3. எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான ஆட்டோலோட் கணுவில் அனைத்தையும் குவித்து வைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் எந்தப் பகுதி எதைச் சார்ந்தது என்பது அதனால் மறைந்துவிடும். உண்மையில் பொதுவானவற்றிற்கு மட்டுமே அதனைப் பயன்படுத்துதல் நலம்.

4. சிக்னல் மற்றொரு சிக்னலை எழுப்ப, அது வேறொன்றை எழுப்ப என்று தொடர் நீளுமானால், பிழை நேர்ந்தவிடத்து மூலத்தைக் கண்டுபிடித்தல் கடினமாகும். இரண்டொரு படிகளுக்குள் முடிப்பது நன்று.

சோதிக்கும் முறை

பகுதி சரியாக அமைந்துள்ளதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. விண்டோஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் எஃப் 6 விசையை அழுத்தினால் திறந்துள்ள காட்சி மட்டும் தனியே இயங்கும். கனியை அவ்வாறு இயக்கிப் பறித்துப் பார்க்கலாம். பிழையின்றி நடைபெற்றால் அது தன்னிறைவுடையது எனலாம்.

ஒரு பள்ளியில் செய்த பகுதியை மற்றொரு பள்ளிக்கு அனுப்புமுன், அதனுடன் மூன்று செய்திகளை எழுதி வைப்பது நற்பழக்கமாகும்: இதற்கு எவை கொடுக்கப்பட வேண்டும், இது எவற்றை அறிவிக்கும், இது தானே செய்யும் வேலை யாது. இம்மூன்றையும் நான்கைந்து வரிகளில் எழுத முடியாத பகுதி இன்னும் பிரிக்கப்பட வேண்டிய பகுதியென்று கொள்ளலாம்.