பத்தாவது முடித்த பிள்ளைக்கு எந்த குரூப்?



ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க நாலு கடை ஏறி இறங்குறோம். எத்தனை நாள் பயிர், முளைப்புத் திறன் என்னன்னு கேக்குறோம். பிள்ளையைப் பதினொண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது மட்டும், "எந்த குரூப்பு இருக்கோ அதுல போடுங்க சார்"னு சொல்லிட்டு வயலுக்குத் திரும்பிடுறோம். இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்ல தேர்ச்சிக் கணக்கு. நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், மொத்தம் 500 மார்க். ஒவ்வொரு பாடத்திலும் 35 வேணும். நாலு பாடத்தில் 90 வாங்கி ஒன்றில் 34 என்றாலும் தேர்ச்சி இல்லை. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் குறையாமல், இரண்டும் சேர்ந்து 35 வரணும். களை எடுக்க ஆள் இல்லைன்னு செய்முறைத் தேர்வு அன்னிக்குப் பிள்ளையை நிறுத்திடாதீங்க. ஒருவேளை தவறிப்போனாலும் ஒரு வருஷம் வீணாகாது. முடிவு வந்த சில வாரத்திலேயே துணைத் தேர்வு இருக்கு. அதில் தேறி அந்த வருஷமே மேலே சேரலாம்.

இனி குரூப். 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து, மொழிப்பாடம் இரண்டு போக மிச்சம் நாலு பாடம்தான் பிள்ளையின் வழியைத் தீர்மானிக்குது.

எனக்குத் தெரிந்த ஒரு கறவை மாட்டுக்காரர். அவர் மகள் கன்று ஈனும்போது ராத்திரி முழுக்கத் தொழுவத்தில் உட்கார்ந்திருக்கிற பொண்ணு. பத்தாவதில் நல்ல மார்க். "பொம்பளப் புள்ளைக்கு வணிகவியல் போதும்"னு மாமா சொன்னார், சேர்த்துட்டாங்க. பிளஸ் டூவிலும் நல்ல மார்க் எடுத்து, "கால்நடை டாக்டருக்குப் படிக்கணும்"னு வந்து நின்னுச்சு. விண்ணப்பமே போட முடியலை. அந்தப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேர்வுகூடக் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். அப்படியும் கதவு சாத்தியாச்சு. அந்த மனுஷன் என்கிட்ட, "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னார். எனக்கும் தெரிஞ்சுதான் இருந்தது, அவரும் கேக்கலை, நானும் சொல்லலை.

ஆகவே சொல்லிடுறேன். கணிதத்தோட உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை எல்லாத்துக்கும் வழி இருக்கு. ஆனால் சுமை அதிகம். கணிதம் வராத பிள்ளையை அதில் தள்ளாதீங்க. தாவரவியல், விலங்கியல் உள்ள அறிவியல் குரூப்பிலிருந்தும் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்குப் போகலாம். வணிகவியலும் மட்டமில்லை: கணக்காளர், வங்கி வேலை, சட்டப் படிப்பு எல்லாம் உண்டு. கையில் வேலை நிக்கிற பிள்ளைக்கு, பத்தாவதோட மூணு வருஷ பாலிடெக்னிக் இருக்கு, ஐ.டி.ஐ. இருக்கு. டிராக்டர் ரிப்பேருக்கு டவுனுக்கு ஓடுற நமக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு விஷயம், இதில்தான் பல பேர் ஏமாறுறாங்க. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படிச்ச பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கு 2021-லும் வந்தது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படிக்க வச்சிட்டு, "பிளஸ் டூ மட்டும் பிரைவேட்டில் இருக்கட்டும்"னு நகையை அடகு வச்சுச் சேர்த்தால், பணமும் போகும், அந்த உரிமையும் போகும்.

சேர்க்கைக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூணையும் எடுத்துக்குங்க. குரூப்பை எழுதுறதுக்கு முன்னால் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி, அந்தந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பணியில் இருக்காரான்னு தலைமையாசிரியரிடம் கேட்டுடுங்க.