மலையடிக் கல்லும் மன்னார்க் கடலின் அடித்தளமும்

இராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் அருவிக்குப் போகும் வழியில், மழை ஓய்ந்த மறுநாள் ஓடையில் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தால், வெண்மணிகளுக்கு நடுவே மாதுளை முத்துக்களைப் போலச் சில செந்துகள்கள் மின்னுவதைக் காணலாம். அவை கார்னெட் என்னும் கனிமம். பூமியின் ஆழத்தில் 900 பாகைக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் வெந்து, கோடானுகோடி ஆண்டுகளுக்குப் பின் மேலெழுந்த பாறைகள் இப்பிரதேசத்தில் வெளிப்பட்டிருப்பதனால், நூலாலைகளுக்கும் வேட்டை நாய்களுக்கும் பெயர்பெற்ற இவ்வூர் பூகர்ப்ப சாஸ்திரிகளின் கட்டுரைகளிலும் இடம்பெற்றுவிட்டது; அந்தக் கீர்த்தியை ஊர்ப்பிள்ளைகள் அறிய வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

ஓடையில் இறங்கிய மணல் வைப்பாற்றோடு சேர்ந்து, சாத்தூரைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. அந்த வளைகுடாவின் அடித்தளம் உருவான கதை பழையது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலம் அண்டார்டிகாவை விட்டு விலகியபோது, கீழைக் கரையோரம் வடகிழக்கும் தென்மேற்குமாகப் பிளந்து நீண்ட பள்ளங்கள் உண்டாயின. அவற்றை மலைகளின் தேய்மானம் கொண்டே ஆறுகளும் கடலும் நிரப்பிவந்தன. அப்பள்ளங்கள் சேர்ந்ததே காவிரிப் படுகை; அது நிலத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டரும், ஆழம் குறைந்த கடலில் 30,000மும், ஆழ்கடலில் 95,000மும் பரந்தது. அதில் வண்டல் மிகுந்த இடத்தில் தடிப்பு 6,000 மீட்டருக்கும் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் இராஜகோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நூறு முறை அடுக்கினாலும் அந்த ஆழம் நிரம்பாது.

கண்ணுக்கு எட்டாத அப்பள்ளத்தைக் காதினால் அளக்கிறார்கள். ஆய்வுக் கப்பல் அழுத்திய காற்றை நீருக்குள் சட்டென்று வெடிக்க விடுகிறது. அவ்வோசை நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் இறங்கி, ஒவ்வொரு மண்ணடுக்கிலும் சிறிது எதிரொலித்துத் திரும்ப, கப்பலின் பின்னே கிலோமீட்டர்க் கணக்கில் மிதந்துவரும் கம்பியிலுள்ள கருவிகள் அதைக் கேட்டுப் பதிகின்றன. வண்டல் இலேசானது, மலைப்பாறை கனமானது. ஆகவே புவியீர்ப்பின் நுண்ணிய ஏற்றத்தாழ்வும் பள்ளம் எது, மேடு எது என்று சொல்லிவிடுகிறது. இவ்வாறுதான், பாக் நீரிணைப் பள்ளத்தையும் மன்னார்ப் பள்ளத்தையும் பிரிக்கும் மண்டபம்–நெடுந்தீவு மேடு வரைபடத்தில் ஏறியது. 2011-இல் இலங்கைப் பக்கத்து மன்னார்க் கடலில் எரிவாயு கிடைத்ததும் இவ்வகை அளவீட்டின் பின்னரே.

எரிவாயுவுக்காக மட்டும் இவ்வரைபடங்களை மதிப்பது போதாதென்பது என் திடமான அபிப்பிராயம். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையோரம் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும், முத்துக் குளித்தவர்கள் 'பார்' என்று பெயரிட்டு வழங்கிய கடலடித் திட்டுகளும் இருக்கின்றன. ஓசை எழுப்பி அளக்கும் கப்பல் அவற்றின்மீதும் மீனவர் வலையின்மீதும் கவனம் வைத்தே போக வேண்டும்.

பதிவான எதிரொலிகளைக் காகிதத்தில் விரித்தால், மேலே நூலிழைகளை நீட்டி வைத்தாற்போல வண்டல் அடுக்குகள் வரிவரியாகக் கிடக்கின்றன. அவற்றுக்கெல்லாம் கீழே ஒரு கரிய கோடு வளைந்து செல்கிறது. அதற்குக் கீழ் அடுக்கில்லை, வரியில்லை, பழம்பாறை மாத்திரமே. இராஜபாளையத்தில் வெயிலில் காய்கின்ற கல்லின் இனந்தான் அது.