உண்ணாதபோதும் சர்க்கரை உயர்வது ஏன்?

காய்ச்சலால் இரண்டு நாள்களாகச் சரியாக உண்ணாத நீரிழிவு நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை உயர்ந்திருப்பதைக் கண்டு, பரிசோதனையில் பிழையோ என்று எம்மிடம் வினவும் குடும்பத்தார் பலர். பெரும்பாலும் அது பிழையன்று. சர்க்கரை உணவிலிருந்து மட்டும் வருவதில்லை. கல்லீரலும் அதனை இரத்தத்தில் சேர்க்கிறது.

உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின், குளுக்கோஸின் ஒரு பகுதியைக் கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கச் செய்கிறது. இவ்விருப்பு ஏறத்தாழ 100 கிராம். இரவில் நாம் உறங்கும்போது மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரலே வழங்குகிறது. சர்க்கரை குறைந்தால், கணையத்தின் மற்றொரு ஹார்மோனான குளுகோகான் இவ்விருப்பைத் திறந்துவிடுகிறது.

இவற்றோடு மூளையின் கட்டளையும் உண்டு. முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியால் குத்தியபோது அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியதைப் பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார் 1849-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை, கடும் அச்சம் ஆகியவற்றின்போது பரிவு நரம்புகள் கல்லீரலை நேரடியாகத் தூண்டிச் சர்க்கரையை வெளியிடச் செய்கின்றன. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதியையும் அவை தூண்ட, அட்ரினலின் சுரக்கிறது. அது இன்சுலின் சுரப்பைக் குறைத்துக் குளுகோகானைக் கூட்டுகிறது. அச்சுரப்பிகளின் வெளிப்பகுதி தரும் கார்ட்டிசால், கல்லீரலில் புதிய சர்க்கரை உருவாவதைப் பெருக்கி, இன்சுலினின் ஆற்றலை மழுங்கச் செய்கிறது. ஸ்டீராய்டு மாத்திரைகள் சர்க்கரையை உயர்த்துவதும் இவ்வாறே.

நலமுள்ளவரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுசெய்கிறது. நீரிழிவு உடையவருக்கு அது போதிய அளவில் இயலாது. ஆகவே, உண்ணவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தானது. முதல் வகை நீரிழிவில் உயிருக்கே கேடு விளைவிக்கும். நோயுற்ற நாள்களில் சர்க்கரையை அடிக்கடி அளந்து, எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவை தோன்றின் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

இதே நரம்புகளும் அட்ரினலினும் நமக்குக் காவலும் ஆகின்றன. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும்போது நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றால் எச்சரிப்பவை அவையே. நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பாருங்கள். நெடுங்காலம் நீரிழிவு உடையோருக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்கும் இவ்வெச்சரிக்கை மங்கக்கூடும். அத்தகையோர் திடீரெனக் குழம்பிப் பேசினால், வேறு காரணம் தேடுமுன் சர்க்கரையை அளந்துவிடுங்கள்.