வீட்டு ரவுட்டரில் ஒரு கதவு

வெளிநாட்டில் தொழில் புரியும் வாப்பா, வீட்டு வாசலில் பொருத்திய கெமராவைத் தன் கைபேசியில் பார்க்க விரும்புகிறார். வீட்டில் இருப்போருக்குக் காட்சி தெளிவாகத் தெரிகிறது. வாப்பாவுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகளில் ஒன்றே ‘போர்ட் ஃபோர்வர்டிங்’.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் இம்முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகுக்கு நம் வீடு முழுவதும் ஒரே பொது முகவரிதான். கல்லூரி முகவரிக்கு ஒரு கடிதம் வருகிறது; எந்த வகுப்பு, எந்த மாணவி என்று அதில் இல்லை. அலுவலகம் அதை யாரிடம் கொடுக்கும்? ரவுட்டரின் நிலையும் இதுவே. நாம் கேட்ட பக்கத்துக்கு வரும் பதிலை அது உரியவரிடம் சேர்த்துவிடும். கேளாமல் வரும் அழைப்பையோ வாசலிலேயே நிறுத்திவிடும்.

அந்த அழைப்பை இன்ன கருவிக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்லி வைப்பதே போர்ட் ஃபோர்வர்டிங். போர்ட் என்பது 0 முதல் 65535 வரையான ஓர் இலக்கம். பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு வழமையாக 443 பயன்படுகிறது.

செய்முறை இதுதான்:

1. கெமராவின் முகவரி மாறாதிருக்க, ரவுட்டரில் அதற்கென ஒரு முகவரியை ஒதுக்குங்கள். உதாரணம்: 192.168.1.50.

2. கணினியின் பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை இட்டு உள்நுழையுங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும்.

3. ‘போர்ட் ஃபோர்வர்டிங்’ அல்லது ‘வேர்ச்சுவல் சேர்வர்’ என்ற பகுதியைத் திறவுங்கள்.

4. வெளிப் போர்ட் 8443, உட்போர்ட் 443, கெமராவின் முகவரி, டிசிபி என்பவற்றை நிரப்பிச் சேமியுங்கள். உட்போர்ட் எதுவென்பதைக் கெமராவின் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

5. வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையில் சோதித்தால் முடிவு பிழையாகத் தோன்றலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலன் இல்லையா? ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், சேவை வழங்குநர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார் என்று பொருள். சிம் போடும் ரவுட்டர்களில் இது சாதாரணம். அப்போது நம் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் அழைப்பு வந்து சேராது.

இனி முக்கியமான விடயம். நாம் திறக்கும் கதவு வாப்பாவுக்கு மட்டும் திறப்பதில்லை. உலகம் முழுவதற்கும் திறக்கிறது. திறந்த போர்ட்களைத் தேடி அலையும் மென்பொருள்கள் இரவு பகலாக இயங்குகின்றன. 2016 இல் ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கெமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டது அறுபதுக்குச் சற்று அதிகமான கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்று மட்டுமே. அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் அக்கருவிகள் ஏவப்பட்ட தாக்குதலால் அமெரிக்காவில் டுவிட்டர் உட்பட பல தளங்கள் முடங்கின.

ஆகவே கதவைத் திறக்குமுன் கெமராவினதும் ரவுட்டரினதும் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். கருவிகள் நம்மைக் கேளாமலே போர்ட் திறக்க உதவும் ‘யுபிஎன்பி’ வசதியை நிறுத்துங்கள். தேவை முடிந்ததும் விதியை நீக்கிவிடுங்கள். ரவுட்டரில் விபிஎன் வசதி இருந்தால் அதுவே மேலானது. உரிய சாவி உள்ளவர் மட்டுமே உள்ளே வர முடியும். வழி எதுவானாலும், வீட்டின் உட்புறத்தில் கெமரா வைக்காதிருப்பதே நல்லது.

பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27 ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அனுமதி கேட்கும் பண்பு இணையத் திருடனுக்கு இல்லை. எனவே, கெமரா பொருத்த வந்தவர் எந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனார் என்று இன்றே ரவுட்டரைத் திறந்து பாருங்கள். உம்மாவையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். வீட்டின் கதவு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.